பையில் இருந்தது அரக்கு

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுகிறவள் அல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைச் சாமான் துண்டுகள்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். இப்படிப்பட்ட ஒருத்தி அச்சில் வருவதற்கென்று எழுத உட்கார்ந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரரே சிரித்தார். ஆனாலும் அந்த நாளைப் பற்றிப் புதுக்குடியிருப்பில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒன்று சொல்கிறார்கள், சந்தையில் மரக்கறி விற்கிறவர்கள் இன்னொன்று சொல்கிறார்கள். எல்லாக் கதையிலும் என் பைக்குள் போத்தல் இருக்கிறது. என் பைக்குள் போத்தல் இருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாதர் சங்கத்துக்கு நெல் கட்டி வைக்கும் கட்டடம் ஒன்று இருந்தது. சில வருடங்களாக அதில் நெல் வைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து அதற்குள் மூன்று கடைசல் மெசின் வாங்கிப் போட்டார்கள். மரத்துண்டைப் பூட்டினால் மோட்டரில் சுழலும், உளியை வைத்துக் கடையலாம். மர விளையாட்டுச் சாமான் செய்யும் பயிற்சி என்று தலைவி அம்மா கூட்டத்தில் சொன்னபோது யாரும் கை தூக்கவில்லை. தையல் என்றால் தூக்கியிருப்பார்கள். நான் பின்வரிசையில் இருந்து கொட்டாவி விட்டு வாயை மூடக் கையை உயர்த்தினேன். என் பெயரை எழுதிவிட்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயிற்சிக்கு நான் வந்து சேர்ந்த விதம் அதுதான்.

பழக்க வருகிறவர் இந்தியாவிலிருந்து என்றதும் வேட்டி கட்டிய ஒரு வயதான ஆசாரியை எதிர்பார்த்தோம். வந்து நின்ற வான் வண்டியில் இருந்து இறங்கியது ஒரு சின்னப் பெண். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். அவளுடைய ஊரில் மரச் செப்புச் சாமான் செய்கிற பட்டறைகள் நிறைய இருந்தனவாம். செப்புச் சாமான் என்றால் பிள்ளைகள் சோறு கறி ஆக்கி விளையாடுகிற சின்னச் சட்டி, பானை, அம்மி, திருகை. பிளாஸ்டிக் வந்து பட்டறைகள் பூட்டியதும் அவளுடைய அப்பா பெயின்ட் அடிக்கப் போய்விட்டார். இவள் ஒரு போன் கடையில் வேலை செய்து சேர்த்த காசில் பட்டறையைத் திரும்பத் திறந்து, பழைய முறையில் மஞ்சளும் அவுரியும் காவியும் சேர்த்துச் சாயம் கொடுத்து, இப்போது வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறாள். அப்பா அவளிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். “மாசக் கடைசியில எங்கப்பா என்கிட்ட சம்பளம் கேக்கும்போது மட்டும் மரியாதையா பேசுவாரு,” என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவளை ரீச்சர் என்று கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை, பிள்ளை என்றே கூப்பிட்டோம். அவளுக்கு எங்களை ஒருமையில் பேச வராது, எல்லோரும் அக்காதான். கொக்கிளாயில் இருந்து வருகிற ஒரு அக்கா எங்களோடு படித்தார். கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் களப்பில் இறால் பிடிக்கிறவர். சாயம் ஏற்றிய மரத்தைத் தாழை மடலால் தேய்த்தால்தான் பளபளப்பு வரும் என்று பிள்ளை சொன்னதும், “எங்கட களப்புக் கரை முழுக்க அதுதானே நிக்குது, பாம்பு கிடக்குமெண்டு ஆரும் கிட்டப் போறதில்லை,” என்று அடுத்த முறை வரும்போது ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் அந்தக் கட்டின் முள் பட்டு ஒருவருடைய சேட்டு கிழிந்து பெரிய சண்டையாம். அவர் அதை நடித்துக் காட்டினார்.

வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு விளங்காது. பூவரசம் கட்டையை மெசினில் பூட்டிக் கடைந்து உருவம் எடுக்க வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும்போதே சாயக் குச்சியை அதன்மேல் அழுத்த வேண்டும். சுழலும் சூட்டில் குச்சி இளகி மரத்தில் ஏறும். தூரிகை இல்லை, பெயின்ட் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் கறுத்த மரம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஆகிவிடும். முதன்முதலில் என் கையால் ஒரு பானை சிவப்பானபோது நான் பயந்து குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். அந்தக் குச்சிதான் அரக்கு. மரத்தில் ஒரு வகைச் சின்னப் பூச்சி வைக்கிற பிசின். அதை உருக்கிச் சாயம் சேர்த்துக் குச்சியாக உருட்டி எடுக்கிறார்கள். அந்தச் சாமானை நான் அதற்கு முன் கண்டதே இல்லை.

ஆனால் சொல் எங்களுக்குத் தெரியும். சாராயத்துக்குச் சிங்களத்தில் அரக்கு என்றுதான் பெயர். கேட்டுக் கேட்டு அந்தச் சொல் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அதனால் முதல் நாள் பிள்ளை நேராக நின்றுகொண்டு, “அக்கா, ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கங்க. அரக்கு இல்லாம இந்த வேலை நடக்காது,” என்று சொன்னதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு கொக்கிளாய் அக்கா சொன்னார்:

“எங்கட மனுசனும் அதைத்தான் சொல்லுறவர் பிள்ளை. காலமையே தொடங்கிடுவார்.”

சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரைக்கேறிவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கியதும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அது எங்களுக்குள் ஒரு பகிடியாகிவிட்டது. “எனக்கு ஒரு துண்டு அரக்குத் தாங்கோ, கை நடுங்குது,” என்று கேட்போம்.

அவளுடைய சாமான்களோடு எங்களுடையதையும் சேர்த்தோம். தோசைக்கல்லைப் பார்த்துவிட்டு, “இது இஞ்ச ஆருக்கு?” என்று கேட்டு, புட்டுக் குழலும் இடியப்ப உரலும் கடைந்தோம். இடியப்ப உரலை அவள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊரில் போய் இதையும் செய்வேன் என்றாள்.

எல்லாம் படித்தோம், ஒன்றைத் தவிர. குச்சி செய்கிற வேலை. அவள் கொண்டுவந்த குச்சிகளை வைத்துத்தான் அதுவரை வேலை நடந்தது. சாயம் ஏறாத பச்சை அரக்கை உருக்கி, சாயத் தூள் சேர்த்து, இளகியதைக் கையில் எடுத்து இழுத்து மடித்து இழுத்து மடித்துக் குச்சியாக்க வேண்டும். “சவ்வு மிட்டாய் இழுக்கிற மாதிரி,” என்றாள். அது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. “தொதல் பதமோ?” என்று ஒருவர் கேட்டார். எங்களுடைய தொதல் இனிப்பு என்னவென்று அவளுக்குத் தெரியாது. “சாமான் வரட்டும், ஒரு தடவ என் கையோட கை வச்சு இழுத்தீங்கன்னா வாழ்க்கைக்கும் மறக்காது,” என்றாள். சாமான்தான் வரவில்லை. கொழும்பில் எங்கேயோ துறைமுகத்தில் நின்றுவிட்டது. குச்சிகள் விரல் நீளத்துக்குக் குறைந்துகொண்டு வந்தன. அவளுக்கு விசா முடிகிற நாளும் வந்துவிட்டது. அவள் போவதற்கு முந்திய நாள்தான் பார்சல் வவுனியாவுக்கு வந்திருப்பதாகப் போன் வந்தது. அன்று மத்தியானத்துக்குள் எடுத்து வந்தால் பின்னேரம் முழுக்க இருந்து இழுத்துப் பழகலாம். வராவிட்டால் மூன்று மெசினும் சும்மா நிற்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

யார் போவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவி அம்மா, “இவவை அனுப்புவம். இவவுக்குத்தானே சிங்களமும் வரும்,” என்றார்.

என் அப்பாவும் அம்மாவும் மலையகத்துத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள். வீட்டுக்குள் நாங்கள் “வாங்க, போங்க” என்றுதான் பேசுவோம், வெளியே வந்தால் “வாங்கோ” ஆகிவிடும். மலைநாட்டு ஆட்கள் என்றால் சிங்களம் தெரிந்திருக்கும் என்று இங்கே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பிறந்தது இங்கேதான். எனக்குச் சிங்களத்தில் சாமான் விலை கேட்கத் தெரியும், சரி என்று சொல்லத் தெரியும். அன்று சொல்லத் தெரிந்த அந்தச் சரியைத்தான் தமிழில் சொன்னேன்.

வவுனியாவில் ஒன்றும் ஆகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பார்சல் பத்திரமாக இருந்தது. கட்டிய சாக்குக்குள் ஐந்து கிலோ பச்சை அரக்கு. செதில் செதிலாக, கடும் பழுப்பு நிறத்தில், கருப்பட்டியைச் சீவிப் போட்டதுபோல. கூடவே சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் சாயத் தூள். என் தோள்பையில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுபோன ஒரு சிவப்புப் பானையும் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. இன்றைக்கு ஒரு காரியத்தைத் தனியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டேன்.

புளியங்குளம் கழிந்து காட்டு வழியில் ஓரிடத்தில் பொலிஸ் பஸ்ஸை மறித்தது. அந்த வழியில் அது புதிதில்லை. கஞ்சா, கசிப்புச் சாராயம் என்று தேடுவார்கள். ஒரு இளம் பொலிஸ்காரர் ஏறி, பைகளைத் தட்டிக்கொண்டு வந்தார். என் மடியில் தட்டினார்.

“மேக்கே மொனவத?”

இதற்குள் என்ன என்று கேட்கிறார். அவ்வளவு எனக்கு விளங்கும். அவருடைய முகம் என் முகத்துக்கு மிகக் கிட்ட இருந்தது. நான் யோசிக்கவில்லை. இத்தனை நாளாகச் சொல்லிப் பழகிய சொல் வாயில் இருந்தது.

“அரக்கு,” என்றேன்.

அவர் சாக்கை இன்னொரு முறை தட்டினார். பிறகு பின்னால் திரும்பிப் பெரிய குரலில் மற்றப் பொலிஸ்காரருக்குச் சொன்னார். அரக்கு என்ற சொல் பஸ்ஸின் பின் வாசல் வரை போய்த் திரும்பி வந்தது எனக்குக் கேட்டது. எவ்வளவு என்று கேட்டார். நான் ஐந்து விரலைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன் போல.

எங்கள் ஊர்க் கொண்டக்டர் ஓடி வந்தார். “அம்மா, என்ன சொல்லுறியள்? விளங்கித்தான் சொல்லுறியளோ?”

“பொம்மைக்கு, தம்பி. விளையாட்டுச் சாமானுக்கு அரக்கு.”

“பொம்மைக்கு அரக்கோ!” பின் சீட்டில் யாரோ, “பொம்மையும் ஆடத்தானே வேணும்,” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. கொண்டக்டர் பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ விளக்கினார். விளையாட்டு என்ற மாதிரி ஒரு சொல் வந்தது. பொலிஸ்காரருக்கு அது நன்றாகப்படவில்லை. சாக்கின் வாயை அவிழ்த்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. எதிர்பார்த்த போத்தல் இல்லை. பழுப்புச் செதில். அதற்குக் கீழே மஞ்சளும் நீலமும் காவியுமாகத் தூள்.

என்ன அது என்று எனக்குப் பின்னால் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “தூள்! தூளும் வைச்சிருக்கிறா!” என்றாள்.

எங்கள் பக்கத்தில் தூள் என்றால் இப்போது ஒரு அர்த்தம்தான். பிள்ளைகள் கெட்டுப்போகிற அந்தப் போதைச் சாமான்.

என்னை இறக்கினார்கள். பஸ் நின்றுகொண்டிருந்தது. யன்னல்களில் எல்லாம் முகங்கள், அவற்றில் பாதி எனக்குத் தெரிந்த முகங்கள். ஒரு பெண் பொலிஸ் என்னைத் தடவிப் பார்த்தார், என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். பஸ் வெளிக்கிட்டது. கொண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தபடி காதில் போனை வைத்திருந்ததை நான் கண்டேன். அவர் யாருக்கு எடுக்கிறார் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் சுவரோரத்து மர வாங்கில் இருத்தினார்கள். அவர்கள் என்னோடு மோசமாக நடக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களுக்கு நான் சொன்னதில் வந்த சந்தேகம் போகவில்லை. சாராயமென்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. நான் சாராயம் என்றேன், சாக்கில் இருந்தது வேறு. அப்படியென்றால் சாராயத்தைவிடப் பெரிய எதையோ மறைக்கத்தான் சாராயம் என்று சொன்னேனாம். கொஞ்சம் தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் வந்து இதை எனக்கு விளக்கினார். அவர் விளக்கிய விதத்தில் எனக்கே அது நியாயமாகப்பட்டது. மனுசர் பெரிய குற்றத்தை மறைக்கச் சின்னக் குற்றத்தைச் சொல்வார்கள்தானே.

“பூச்சியின்ர பிசின், சேர்,” என்றேன்.

“பூச்சி?” என்றார். அவர் மற்றவர்களுக்கு அதை மொழிபெயர்த்ததும் எல்லோரும் சாக்கில் இருந்து ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மதியம் கழிந்துவிட்டது. பிள்ளை கட்டடத்து வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். காலையில் நான் புறப்படும்போதே பழைய சட்டி ஒன்றைக் கழுவி அடுப்பும் தயாராக வைத்திருந்தாள். சாக்கை மேசையில் வைத்து நிறுத்தார்கள். ஒரு பெரிய கடதாசிப் பையில் போட்டார்கள். நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்கள். ஒருவர் மெழுகுதிரி கொளுத்தி வைத்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிவப்புக் குச்சியை எடுத்தார். குச்சியை நெருப்பில் காட்டினார்.

எனக்கு முதலில் வந்தது மணம். எரிந்த மயிரும் சாம்பிராணியும் கலந்த மாதிரி ஒரு மணம். எங்கள் கட்டடத்தில் மெசின் ஓடத் தொடங்கினால் வருகிற மணம். நான் அதைப் பழகிய மணம் என்றே நினைத்துக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சி இளகி நூலின் முடிச்சில் சொட்டியது. சிவப்பாக, தடிப்பாக. அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டச் சொன்னார். சாமானை எடுத்தது என்னிடம்தான் என்பதற்கு என் இடது பெருவிரலையும் அதில் பதிக்க வேண்டுமாம். விரலைப் பிடித்து அமர்த்தினார்.

சூடு. சூட்டுக்குக் கீழே ஒரு இழுவை, இளகி நிற்கிற அந்தப் பதம்.

“இதுதான்!” என்றேன்.

நான் சொன்னேன் என்று எழுதுகிறேன், உண்மையில் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியாது. உள் அறையில் இருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள். நான் வாங்கை விட்டு எழும்பி அந்தக் குச்சியைக் காட்டினேன், பையைக் காட்டினேன். “இதுதான் அது! அதுதான் இது! சேர், ரெண்டும் ஒண்டுதான்!” பெண் பொலிஸ் என் தோளைப் பிடித்தார். நான் அவரை விலக்கினேன். பொலிஸ் நிலையத்தில் ஒரு பொலிசை நான் கையால் விலக்கியதை இப்போதும் என்னாலேயே நம்ப முடியவில்லை. தோள்பையில் இருந்து சிவப்புப் பானையை எடுத்து அதன் விளிம்பை மெழுகுதிரியில் பிடித்தேன். சாயம் பொங்கி இளகியது. அதே மணம்.

எல்லோருக்கும் மூத்தவரான, சாஜன் என்று கூப்பிடுகிற சார்ஜன்ட் ஒருவர், மூக்குக் கண்ணாடி போட்டவர், பானையை வாங்கி முகர்ந்து பார்த்தார். குச்சியை முகர்ந்தார். கட்டிய பையின் ஓரத்தைக் கிழித்து ஒரு செதிலை எடுத்து நெருப்பில் பிடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“லாக்கட?”

அந்தச் சொல் எனக்குத் தெரியாது.

“அம்மா, இது லாக்கட,” என்றார் தமிழ் பேசுகிறவர். “அரக்கு இல்லை. லாக்கட.”

“எங்களுக்கு அதுதான் அரக்கு, சேர்.”

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். சாஜன் கதிரையில் அமர்ந்து மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அவருடைய தோள் குலுங்கியது. அவர்கள் லாக்கடவைக் கட்டி லாக்கடவால் முத்திரை வைக்கப் போனார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் விரலில் சிவப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. தேத்தண்ணி கொடுத்தார்கள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். “இனிமே ஆரும் கேட்டா லாக்கட சொல்லுங்க அம்மா,” என்று தமிழ் பேசுகிறவர் சொன்னார். சாஜன் வீதிக்கு வந்து ஒரு பஸ்ஸை மறித்து என்னை ஏற்றிவிட்டார். சாக்கை அவரே தூக்கி வைத்தார்.

அவர்கள் திருப்பித் தந்த போனைத் திறந்தபோது அதில் நிறையத் தவறிய அழைப்புகள். தலைவி அம்மாவுக்கு எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. இன்னும் வெயில் இருந்தது. பின்னேரம் முழுதும் போகவில்லை, ஒரு மணித்தியாலம் இருந்தாலும் போதும், ஒரு சட்டி உருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

புதுக்குடியிருப்புச் சந்தியில் என் வீட்டுக்காரர் சைக்கிளோடு நின்றார். அவருக்குக் கதை எனக்கு முந்தியே வந்துவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எனக்கு ஒரு போத்தலாச்சும் மிச்சம் வச்சியா?” என்றார்.

நான் வீதியில் நின்று அழுதேன். அவர் பயந்துபோய்ச் சாக்கை வாங்கி சைக்கிளில் கட்டினார். “ஏய், சும்மா சொன்னேன். உன்னைத் தெரியாதா எனக்கு,” என்றார்.

கட்டடத்துக்குப் போனோம். கதவு திறந்திருந்தது. கொக்கிளாய் அக்கா மட்டும் வாசல் படியில் இருந்தார். அடுப்பு மூட்டாமல் இருந்தது. கழுவிய சட்டி கவிழ்த்துக் கிடந்தது.

“பிள்ளை எங்க?”

“மாதாவே, நீ வந்திட்டியோ,” என்று அவர் எழும்பி என் கையைப் பிடித்தார். “பிள்ளையை ஏத்திட்டினம் தங்கச்சி.”

“எங்க ஏத்தினது?”

“கொழும்புக்கு. வான் பிடிச்சு. கொண்டக்டர் போன் பண்ணினவன். உங்கட ஆள் அரக்கோட பிடிபட்டிட்டா, தூளும் எடுத்தவை, இந்தியாவில இருந்து வந்த பிள்ளைக்கெண்டு சொல்லுறாவாம் எண்டு. தலைவி அம்மாவுக்குக் கைகால் ஓடேல்ல. வெளிநாட்டுப் பிள்ளை, இனி அதைத் தேடி வந்து பிடிச்சுக்கொண்டு போனா ஆர் பதில் சொல்லுறது எண்டு குழறினவா.”

“நான் அப்பிடிச் சொல்லேல்லையே அக்கா. பிள்ளையின்ர பேரே எடுக்கேல்ல.”

“எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையும் அதைத்தான் சொன்னது. அது அரக்குதானே, பசை மாதிரி அரக்கு, நான் போய் பொலிசுக்குச் சொல்லுறன் எண்டு நிண்டது. போகமாட்டன் எண்டு மெசினைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது தங்கச்சி. தலைவி அம்மாதான் உடுப்புப் பையைத் தூக்கி வானுக்குள்ள வைச்சவா. நான் என்ன செய்ய? நானும் தள்ளித்தான் விட்டனான். பயம்.”

எத்தனை மணிக்குப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பஸ்ஸுக்கு எதிரே அந்த வான் கடந்திருக்கும். எந்த இடத்தில் என்று தெரியவில்லை. சாக்கைக் கட்டடத்துக்கு நடுவில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். ஒரு சொல்லை நான் வாயில் இருந்து விட்டேன், அது என்னைவிட வேகமாக ஊருக்கு வந்து, இவ்வளவையும் செய்துவிட்டு இருக்கிறது. நான் இத்தனை வருடம் வாயை மூடி இருந்ததற்கு இது என்ன கூலி என்று நினைத்தேன். இதை நினைத்தேன் என்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

தலைவி அம்மா பொழுதுபட வந்தார். சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. “நான் உம்மை நம்பாமல் இல்லை தங்கச்சி,” என்றார். பிறகு, “வானைத் திருப்பச் சொல்லி எடுத்தனான். அனுராதபுரம் தாண்டிட்டுதாம். விசா நாளைக்கு முடியுது, இனி வந்து என்ன எண்டு டிரைவர் கேட்கிறான்,” என்றார். ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளையிடம் இருந்து ஒரு குரல் பதிவு வந்தது. எல்லோரும் என் போனைச் சுற்றி நின்று கேட்டோம். வான் இரைச்சலுக்குள் அவள் பேசினாள்.

“அக்கா, நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்கன்னு சொன்னாங்க. எனக்கு இப்பதான் உசுரு வந்துச்சு. அக்கா, கேளுங்க. சட்டிய நேரா தீயில வைக்காதீங்க. கொதிக்க விட்றாதீங்க. இளகி வரும்போது ஒரு மாதிரி கனமாகும், அப்ப எடுத்துரணும். அந்த... எப்படிச் சொல்றது அக்கா, கையில எடுத்தா தெரியும். சொன்னா தெரியாது. நான் இருந்து…”

அதோடு நின்றுவிட்டது. கொக்கிளாய் அக்கா அதைத் திரும்பவும் போடச் சொன்னார். போட்டோம். அதே இடத்தில்தான் நின்றது.

மறுநாள் காலையில் நாலு பேர் வந்தோம். அரைக் கிலோ அரக்கை உருக்கி மஞ்சள் தூள் சேர்த்தோம். கருகிவிட்டது. சட்டியில் ஒட்டியதைச் சுரண்ட முடியவில்லை, சட்டியை எறிந்துவிட்டோம்.